உப்புக்காற்றிலும் உரியாத கேமஃபிளாஜ் சாயம்: பறவைப் படம் எடுப்பவரின் டிரைபாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தெலுக் ஆயர் தாவார் கரையில் நீர் ஏறும் நேரம். தூரத்துச் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அலை முன்னேற முன்னேறக் கரைப்பக்கம் ஒதுங்கி வரும். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவை தாமாகவே லென்ஸ் எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். அன்றும் வந்தன. நான் கேமராவைத் தாங்கும் முக்காலியான டிரைபாட்டை ஒரு சாண் திருப்பினேன். புத்தம்புது அலுமினியக் காலில் காலை வெயில் பட்டுத் தெறித்தது. கூட்டம் மொத்தமும் ஒரே வீச்சில் எழுந்து குவாலா மூடா பக்கம் போய்விட்டது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, கிடைக்கிற சில மணி நேரத்தில் வயிற்றை நிரப்பப் பார்க்கும் பறவைகளை நான் கிளப்பிவிட்டேன். படம் போனதைவிட அதுதான் மனதை அறுத்தது.

வீட்டுக்கு வந்ததும் டிரைபாட்டுக்குக் கேமஃபிளாஜ் சாயம், அதாவது சுற்றுப்புறத்தோடு கலந்து மறைக்கும் சாயம், அடிக்க முடிவு செய்தேன். முதல் முயற்சி கெட்டது, இரண்டாவது சுமாராக வந்தது, மூன்றாவது இன்றுவரை நிற்கிறது. அந்த மூன்றாவது முறையைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன்.

இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் வேட்டைக்காரர்கள். வெளிநாடுகளில் வேட்டைத் துப்பாக்கிக்கு இப்படிச் சாயம் அடிப்பது பெரிய கைவேலை. நம் நாட்டில் துப்பாக்கி என்றால் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமம், போலீஸ் என்று அது வேறு உலகம். அதில் வீட்டில் வைத்துக் கைவைக்கும் பேச்சே வேண்டாம். ஆனால் சாயத்தின் விதிகள் இரண்டுக்கும் ஒன்றுதான். உலோகம், வியர்வை, மழை, உரசல் எல்லாம் அதே. நமக்கு மட்டும் கூடுதலாக உப்பும் சேறும் உண்டு.

பறவையின் கண்ணுக்கு எது உறுத்துகிறது

சாய டின்னைத் தொடும் முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. பெரும்பாலான பறவைகளுக்கு நான்கு. நாம் பார்க்காத ஊதாவின் விளிம்பும், பல இனங்களுக்குப் புற ஊதாவும்கூடத் தெரியும். ஆகவே நம் கண்ணுக்கு இலையோடு அச்சு அசலாகப் பொருந்துகிற பச்சை, பறவைக்கு வேறு மாதிரி தெரியலாம். நிறத்தை நூறு சதவீதம் பொருத்துகிறேன் என்று கடைகடையாக அலைவது வீண் வேலை.

காட்டிக்கொடுப்பவை மூன்று: அசைவு, பளபளப்பு, நேர்கோடு. அசைவைச் சாயம் மறைக்காது, அது நம் பொறுமையைப் பொறுத்தது. மற்ற இரண்டையும் மறைக்கலாம். பளபளப்பைப் போக்க, மினுக்கமில்லாத மேட் பூச்சு. நேர்கோட்டை உடைக்கக் குறுக்கே ஓடும் திட்டுகள். காட்டில் குழாய் மாதிரி வழவழவென்று நேராக நிற்கும் பொருள் அரிது. டிரைபாட்டின் மூன்று கால்களும் அப்படித்தான் நிற்கின்றன.

எதற்கு அடிக்கலாம், எதைத் தொடக்கூடாது

டிரைபாட்டின் மேல் கால் குழாய்கள், நடுத் தலைப்பகுதியின் வெளிப்புறம், கிம்பல் தலையின் (பெரிய லென்ஸைத் தாங்கி எந்தப் பக்கமும் திருப்ப உதவும் பாகம்) கை, லென்ஸ் ஹூட்டின் (லென்ஸ் முனையில் மாட்டும் வெயில் மறைப்பு) வெளிப்புறம். இவ்வளவுதான் என் பட்டியல்.

லென்ஸ் உடலுக்கு அடிக்காதீர்கள். தூரத்துப் பறவையை அருகில் காட்டும் பெரிய டெலி லென்ஸ்கள் பலவற்றை வெள்ளையாகச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது: வெயில் சூடு உள்ளே ஏறக்கூடாது. அதன்மேல் கரும்பச்சை அடித்துப் பாலிக் பூலாவ் வயல் வெளியில் மத்தியானம் நிறுத்தினால் அந்தக் காரணத்தையே அழித்துவிடுகிறோம். வளையங்களின் இடுக்கில் சாயத்தூள் போனால் அது தனிச் செலவு. லென்ஸுக்கு நியோப்ரீன் உறை போதும். உறையைக் கழற்றி அலசவும் முடியும்.

கீழ்க் கால்கள் மேல் குழாய்க்குள் நுழைந்து வெளிவருபவை. அங்கே அடித்தால் இரண்டாம் நாளே வழித்துக்கொண்டு வரும், பூட்டும் இறுகிப்போகும். திருகுப் பூட்டின் மரை, தட்டைப் பிடிக்கும் தாடை, கால் விரியும் கீல், ரப்பர் பிடி ஆகியவையும் வேண்டாம். ரப்பரில் சாயம் ஒட்டாது. வளையும்போது செதில் செதிலாகப் போகும். வரிசை எண் இருக்கும் இடத்தை டேப் போட்டு மூடி விடுங்கள், திருடு போனால் போலீசில் சொல்ல அது ஒன்றுதான் சாட்சி. உத்தரவாதக் காலம் முடியாத பொருளானால் அது முடியட்டும், அப்புறம் அடிக்கலாம்.

நாள் பார்ப்பது

நம் ஊரில் சாய வேலையில் பாதி தோல்விகள் ஈரப்பதத்தால்தான். ஸ்பிரே சாயத்தின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். சாயம் பால் ஊற்றியது போல் வெளுக்கும், அல்லது அடியில் ஈரத்தை வைத்துக்கொண்டே காய்ந்து, பிறகு உரியும்.

தொழிற்சாலைகளில் பூச்சு வேலை செய்பவர்கள் பின்பற்றும் விதி இது: ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, உலோகத்தின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது அதிகமாக இருக்க வேண்டும். நம் கணக்கில் சொல்கிறேன். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 24. உலோகமும் 30-இல் இருந்தால் 6 டிகிரி இடைவெளி, தாராளம். 80 சதவீதமானால் பனிநிலை 26, இன்னும் சரி. 90 சதவீதமானால் 28. இடைவெளி 2 டிகிரிதான், அன்று அடிக்கக்கூடாது. இன்னொன்று, ஏர்கோன் அறையில் 23 டிகிரியில் இருந்த குழாயை அப்படியே வெளியே கொண்டுவந்து அடித்தால் முதல் நொடியிலேயே அதன்மேல் பனி இருக்கிறது. முந்தின இரவே பொருளை வெளியில், நிழலில் வைத்துவிடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஹார்ட்வேர் கடையில் மலிவாகவே கிடைக்கும்; வாங்கிவிடுங்கள், தலையெழுத்தை நம்பி அடிக்க வேண்டாம்.

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் நல்ல மழைக்காலம். வலசைப் பறவைகள் வந்து இறங்கத் தொடங்குவதும் அப்போதுதான். ஆகவே அவசரப்பட்டு அந்த நேரத்தில் ஆரம்பிக்காமல் ஜூன், ஜூலையிலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். வருடத் தொடக்கத்து வறண்ட வாரங்கள் இன்னும் நல்லவை, ஆனால் அப்போது டிரைபாட் கரையில் இருக்க வேண்டும், பட்டறையில் அல்ல. நாளுக்குள் நேரம் என்றால் காலை 11 முதல் 3 வரை, மழை இல்லாத நாளில்.

இடமும் முக்கியம். ஃபிளாட்டின் நடைபாதையிலோ பால்கனியிலோ அடிக்காதீர்கள். புகை பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போகும், தூள் கீழே நிற்கும் காரில் படியும். காற்றோட்டமுள்ள கார் கொட்டகை, ஒரு பழைய அட்டைப்பெட்டி, மேலே கட்டிய கம்பி. இது போதும். அடுப்பு, சிகரெட், சாமி விளக்கு எதுவும் அருகில் எரியக்கூடாது.

கழற்றுவது, கழுவுவது

கழற்றும்போது ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுங்கள். காலுக்குள் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வளையங்கள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பது மறுநாள் நினைவிருக்காது. நான் முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு வைப்பேன்: முதல் காலின் சாமான் முதல் வரிசை, இரண்டாம் கால் இரண்டாம் வரிசை.

அப்புறம் கழுவுதல். இதைத்தான் எல்லோரும் ஐந்து நிமிடத்தில் முடிக்கிறார்கள். என் முதல் முயற்சி கெட்டபோது பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளுக்குச் சாயம் அடிக்கும் ஒருவரிடம் உரிந்த குழாயை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சாயத்தைப் பார்க்கவே இல்லை. நான் அடுத்து அடிக்க வைத்திருந்த சுத்தமான குழாயை வாங்கி, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அதன்மேல் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக நின்று உருண்டது.

"கழுவினீங்களா அண்ணே?"

"கழுவினேன் தம்பி, சவர்க்காரம் போட்டு."

"பாருங்க, இன்னும் எண்ணெய் இருக்கு. தண்ணி தகடு மாதிரி பரவி நிக்கணும். அதுவரைக்கும் சாயத்த தொறக்காதீங்க."

அன்றிலிருந்து அந்தச் சோதனையை விட்டதில்லை. முதலில் பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். கடற்கரைக்குப் போன டிரைபாட் என்றால் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து உப்பை இறக்க வேண்டும். சாயத்துக்கு அடியில் மாட்டிய உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு நாள் கொப்புளமாக எழும்பும். உலர்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரே திசையில் துடையுங்கள். துணியைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு துடைப்புக்கும் சுத்தமான பக்கம். இதற்குமேல் வெறுங்கையால் தொடக்கூடாது, நைட்ரைல் கையுறை.

அசிட்டோனையும் தின்னரையும் தள்ளி வையுங்கள். ஹூட் பெரும்பாலும் பாலிகார்பனேட் வகைப் பிளாஸ்டிக். அது தின்னர் பட்டால் நூலிழை நூலிழையாக வெடிக்கும். கார்பன் ஃபைபர் காலின் பிசினையும் தின்னரில் ஊற விடக்கூடாது.

தேய்ப்பது

அலுமினியக் காலுக்கு 400 எண் உப்புத்தாள். சாயம் பிடித்துக்கொள்ளப் பரப்பில் மெல்லிய கீறல் வேண்டும், அவ்வளவுதான். தொழிற்சாலையில் போட்ட ஆனோடைஸ் படலம் அலுமினியத்தின் கவசம். அதன் மினுமினுப்பு போகும்வரை தேயுங்கள், வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும்வரை தேய்க்காதீர்கள்.

கார்பன் காலானால் 600 எண் தாள், தண்ணீர் விட்டு, லேசான கையோடு. மேல் பிசினின் மினுக்கம் மங்கினால் நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் கார்பன் இழையைத் தொட்டுவிட்டால் கால் பலவீனமாகும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: உலர்ந்த கார்பன் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் நல்லதில்லை. ஹூட்டுக்கும் 600. மூலை முடுக்குகளுக்குச் சாம்பல் நிறத் தேய்ப்புப் பஞ்சு நன்றாக வளைந்து கொடுக்கும்.

தேய்த்தபின் மறுபடி கழுவி, தண்ணீர் சோதனை செய்து, ஆல்கஹால் துடைத்து, ஒரு மணி நேரம் உலர விடுங்கள். பிறகு டேப். விளிம்பை நகத்தால் அழுத்தி ஓட்டுங்கள், அங்கேதான் சாயம் கசியும். திருகுத் துளைகளைக் காதில் வைக்கும் நுரைப் பஞ்சால் அடைத்துவிடலாம். ஹூட்டின் உட்புறக் கறுப்பை முழுவதும் காகிதம் சுருட்டி மூடிவிடுங்கள். அங்கே ஒரு துளி வெளிர் சாயம் பட்டாலும் எதிர் வெயிலில் படம் வெளுக்கும்.

பிரைமர்

நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சுதான் பிரைமர். அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர். அதில் இருக்கும் சிறிதளவு அமிலம் உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும். ஹூட்டுக்குப் பிளாஸ்டிக் பிரைமர், பெரும்பாலும் நிறமில்லாதது. மிக மெல்லிய ஒரு பூச்சு போதும். கார்பன் காலுக்கு எபாக்ஸி பிரைமர். மூன்றுக்கும் ஒரே டின்னை அடிக்கப் பார்க்காதீர்கள். நிப்பான், ஆங்கர், சாமுராய் போன்ற பெயர்களில் இங்கே கார், மோட்டார் சாயக் கடைகளில் வரிசை வரிசையாக டின் இருக்கிறது. எதை வாங்கினாலும் பிரைமர், நிறம், மேல்பூச்சு மூன்றையும் முடிந்தவரை ஒரே குடும்பத்தில் வாங்குங்கள், ஒன்றையொன்று தின்னாது.

டின்னுக்குள் குண்டு சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு முழுதாக இரண்டு நிமிடம் ஆட்டுங்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். விசையை அழுத்துவது பொருளுக்கு வெளியே, விடுவதும் வெளியே. பொருளின் மேல் தொடங்கினால் அந்த இடத்தில் துளி விழும். கை வளைவாகப் போகாமல் குழாயோடு இணையாக நகர வேண்டும். முதல் பூச்சு தூறல் மாதிரி, அடியில் உள்ளது தெரிந்தாலும் பரவாயில்லை. 10–15 நிமிடம் விட்டு அடுத்தது. மூன்று மெல்லிய பூச்சு, ஒரு தடித்த பூச்சைவிடப் பல மடங்கு உறுதி.

இங்கே என் முதல் தோல்வியின் இன்னொரு காரணத்தைச் சொல்ல வேண்டும். பிரைமர் அடித்து, வேலைக்குப் போய், சாயங்காலம் ஆறேழு மணி நேரம் கழித்து வந்து நிறத்தை அடித்தேன். ஒரே நிமிடத்தில் பரப்பு முழுவதும் முதலைத் தோல் போல் சுருங்கி எழும்பியது. பல டின்களின் பின்புறத்தில் ஒரு வரி இருக்கும்: அடுத்த பூச்சை ஒரு மணி நேரத்துக்குள் அடி, இல்லாவிட்டால் 24 அல்லது 48 மணி நேரம் பொறு. நடுவில் அடித்தால் புதுப் பூச்சின் கரைப்பான், அரைகுறையாகக் காய்ந்த அடிப்பூச்சை ஊற வைத்துத் தூக்கிவிடும். அந்த வரியைப் படிக்காமல் டின்னை ஆட்டவே ஆட்டாதீர்கள்.

நிறமும் கோலமும்

நிறத்தைக் கடையில் தேர்ந்தெடுக்காதீர்கள், போகும் இடத்தில் தேர்ந்தெடுங்கள். நான் கரையிலிருந்து ஒரு பிடிச் சேற்றைப் பையில் கொண்டுவந்து தட்டில் காய வைத்தேன். ஈரத்தில் கருநீலச் சாம்பலாக இருந்தது, காய்ந்ததும் வெளிறிய தவிட்டு நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டும் அந்தக் கரையின் நிறம்தான். ஆகவே என் டிரைபாட்டில் காய்ந்த சேறு அடிநிறம், ஈரச் சேறு கரும்நிறம், இரண்டுக்கும் நடுவே ஒரு மங்கிய ஆலிவ். ஆயர் ஈத்தாம் டாலாம் சதுப்புக் காட்டுக்கே அதிகம் போகிறவர் ஆலிவைக் கூட்டி, பழுப்பைச் சேர்க்கலாம். சுங்கை பூரோங் வயலுக்குப் போகிறவருக்குக் காய்ந்த வைக்கோல் நிறம் கட்டாயம். மூன்று நிறத்துக்கு மேல் போகாதீர்கள். தூய கறுப்பும் வேண்டாம். நிழல்கூட இயற்கையில் முழுக் கறுப்பாக இருப்பதில்லை.

கோலத்துக்கு நான் இலையை வைத்துத்தான் அடிக்கிறேன். லாலாங் புல், பன்னத்தின் ஒரு கிளை, செம்பனை ஓலையின் நுனித் துணுக்குகள். முந்தின நாளே நாளிதழுக்குள் வைத்து மேலே அம்மிக்கல்லையோ தடித்த புத்தகத்தையோ ஏற்றிவிடுங்கள். பச்சையாக ஈரத்தோடு வைத்தால் அந்த இடத்தில் சாயம் வெளுக்கும். பால் வடியும் இலை எதுவும் கூடாது, பால் பட்ட இடத்தில் அடுத்த பூச்சு ஒட்டாது.

வரிசை இதுதான். முதலில் மிக வெளிர் நிறத்தைக் குழாய் முழுவதும் அடித்து ஆற விடுங்கள். சில இலைகளைச் சின்ன டேப் துண்டு சுருட்டி ஒட்டுங்கள். மேலே நடு நிறம். அது ஆறியதும் முதல் இலைகளை எடுக்காமல், பக்கத்தில் இன்னும் சில இலைகள். மேலே கரும்நிறம், திட்டுத் திட்டாக. பதினைந்து நிமிடம் கழித்து எல்லா இலையையும் மெதுவாக உரித்தெடுங்கள். முதலில் வைத்த இலை வெளிறி முன்னால் நிற்கும், இரண்டாவது இலை அதற்குப் பின்னால் மங்கி நிற்கும், மீதி எல்லாம் நிழல். தட்டையான குழாயில் மூன்று அடுக்கு ஆழம் வந்திருக்கும். அந்த இலைகளை உரிக்கும் நிமிடத்துக்காகவே இன்னொரு டிரைபாட் வாங்கலாமா என்று தோன்றும், அவ்வளவு அழகு.

புல்வெளிக்கு வெங்காய வலைப் பையும் நன்றாக வேலை செய்யும். குழாயில் இழுத்துக் கட்டி மேலே தூறலாக அடித்தால் செதில் மாதிரி வரும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சின்னச் சின்னக் கோலம் கையில் வைத்துப் பார்க்கும்போது பிரமாதமாக இருக்கும். இருபது அடி தள்ளிப் போனால் எல்லாம் கலந்து ஒரே பழுப்புக் குழாயாகிவிடும். உருவத்தை உடைக்க உள்ளங்கை அகலத்துக்குத் திட்டுகள் வேண்டும், அவை விளிம்பைத் தாண்டிக் குறுக்காகச் சுற்றி ஓட வேண்டும். மூன்று கால்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, ஒரே திட்டு ஒரு காலில் தொடங்கி அடுத்த காலில் முடியும்படி அடித்துப் பாருங்கள். விரித்து நிறுத்தும்போது அந்தத் திட்டு துண்டு துண்டாகச் சிதறும்.

இன்னொரு நுணுக்கம். மேலே வெயில் படும் பக்கம் வெளிர்ந்தும், அடிப்பக்கம் நிழலில் கறுத்தும் தெரிவதால்தான் உருண்டையான பொருள் உருண்டையாகத் தெரிகிறது. விலங்குகள் பலவற்றுக்கு முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது அந்த வெளிச்சத்தைச் சமன்படுத்தத்தான். அபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர் 1896-இல் இதை விளக்கி எழுதினார். கிம்பல் கையின் மேற்புறத்தைச் சற்றுக் கருமையாகவும், அடிப்புறத்தை வெளிராகவும் அடித்தால் அது தட்டையாகித் தொலைந்துபோகும். மானும் உள்ளானும் சுமக்கும் அதே வித்தைதான்.

ஒரு எச்சரிக்கை. நம் ராணுவத்தின் புலிவரிக் கோலத்தைப் பார்த்து அடிக்காதீர்கள். நீண்ட லென்ஸும் டிரைபாட்டும் தோளில் தொங்க நடந்து போகிறவரைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கேமராவாகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெலுக் ஆயர் தாவாருக்குப் பக்கத்திலேயே பட்டர்வொர்த் விமானப் படைத் தளம் இருக்கிறது. இலையும் புல்லும் போதும்.

மேல்பூச்சு: நிலைப்பது இங்கேதான்

நிறச் சாயம் தனியாக நின்றால் ஒரு பருவம்கூடத் தாங்காது. மேலே மேட் கிளியர் என்ற நிறமில்லாத, மினுக்கமற்ற பூச்சு வேண்டும். இதில் இரண்டு வகை. ஒன்று சாதாரண டின். காற்றில் காய்வது, அடிப்பது சுலபம், உறுதி நடுத்தரம். இன்னொன்று டூ-கே என்று சொல்லும் வகை. டின்னின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளேயே கடினப்படுத்தும் திரவம் கலந்துவிடும். அழுத்திய பிறகு ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சம் கல்லாகும். உரசல், வெயில், எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதுதான் நிற்கும்.

ஆனால் டூ-கேயில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். துணி முகமூடியும் மருத்துவமனை முகமூடியும் இதற்கு ஒன்றும் செய்யாது. வாசனையை வைத்தும் ஆபத்தை அளக்க முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றை ஊதும் முகமூடிதான் முறையான பாதுகாப்பு. அது நம் வீட்டில் இருக்காது. ஆகவே நான் சொல்வது இதுதான்: நிறம் வரை வீட்டில் அடியுங்கள், மேல்பூச்சை மட்டும் முறையான ஸ்பிரே அறை உள்ள மோட்டார் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். "முழு மேட், மினுக்கமே கூடாது" என்று இரண்டு முறை சொல்லுங்கள். பழக்கத்தில் பளபளப்பாக அடித்துவிடுவார்கள். அவர்களுக்கு அதுதான் பெருமை. பட்டறைக்குப் போக வழியில்லை என்றால் சாதாரண மேட் கிளியரை, கரி வடிகட்டி உள்ள முகமூடி போட்டு, திறந்த வெளியில் மூன்று பூச்சு அடித்து, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

மேட் சாயத்தில் மினுக்கத்தைக் கொல்லும் நுண்தூள் அடியில் தங்கிவிடும். பூச்சுக்குப் பூச்சு ஆட்ட வேண்டும். ஒரே இடத்தில் தடிமனாக விழுந்தால் அங்கே மட்டும் பளபளக்கும், அதைத் தேய்த்துச் சரி செய்ய முடியாது.

பொறுப்பதும் சோதிப்பதும்

தொட்டால் ஒட்டாது என்பது காய்ந்துவிட்டது என்று ஆகாது. ஒரு நாளில் கையில் எடுக்கலாம். முழு உறுதி வர ஒரு வாரம். டேப்பை மட்டும் கடைசிப் பூச்சு இளகலாக இருக்கும்போதே, பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்தபின் இழுத்தால் விளிம்பில் சாயமும் சேர்ந்து கிழியும்.

ஆரம்பத்திலேயே ஒரு பழைய அலுமினியத் துண்டுக்கும் அதே வேலை எல்லாவற்றையும் செய்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதில் பிளேடால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு போட்டு, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். சாயத் தொழிற்சாலைகளும் இதே சோதனையைத்தான் செய்கின்றன. கட்டங்கள் எல்லாம் அப்படியே இருந்தால் டிரைபாட்டை மறுபடி சேர்த்துப் பூட்டலாம். கட்டங்கள் டேப்போடு வந்தால் தவறு பெரும்பாலும் கழுவியதில் இருக்கும்.

பூட்டும்போது மரைகளுக்குச் சிறிது கிரீஸ். எவர்சில்வர் திருகு அலுமினியத்தில் போகும் இடங்களில் இது இன்னும் முக்கியம். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும்.

கரைக்குப் போய் வந்த பிறகு

சேற்றில் நின்ற கால்களை அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். மேட் பரப்புக்கு மெழுகோ கார் பாலிஷோ போடக்கூடாது, மினுக்கம் திரும்பிவிடும்.

கொசு மருந்து விஷயத்தில் நான் பட்டது போதும். ஆயர் ஈத்தாம் டாலாமில் கொசுவுக்குப் பயந்து டீட் என்ற கொசுவிரட்டி ரசாயனம் கலந்த மருந்தைக் கை நிறையத் தடவி, அப்படியே டிரைபாட்டைப் பிடித்துத் தூக்கினேன். டீட் பல பிளாஸ்டிக்குகளையும் சாயங்களையும் இளக்கும். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தால் இலைக் கோலத்தின் நடுவே என் நான்கு விரல்களின் ரேகை, சுழி சுழியாக, எண்ணலாம் போல் பதிந்திருந்தது. அப்போது சாதாரண கிளியர்தான் அடித்திருந்தேன். இப்போது மருந்தை முழங்கைக்கு மேலும் கழுத்திலும் தடவி, உள்ளங்கையை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் எதையும் தொடுகிறேன்.

கீறல் விழத்தான் செய்யும். டின்னிலிருந்து சாயத்தை மூடியில் சிறிது அடித்து, பஞ்சுத் துண்டால் தொட்டுத் தொட்டு வையுங்கள். கோலமாக இருப்பதால் ஒட்டுப் போட்டது தெரியாது.

கடைசியாக, டிரைபாட்டின் அடிக் கொக்கியில் ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்று கட்டி, உள்பக்கமாகச் சுருட்டி வைத்திருக்கிறேன். படம் எடுக்கும்போது அது வெளியே தெரியாது. கிளம்பும்போது இழுத்து வெளியே விடுவேன். மூன்றாவது முறை அடித்து முடித்த டிரைபாட்டை முதல் நாள் புல்லில் படுக்க வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் எடுக்க மோட்டாருக்குப் போய்த் திரும்பி, இருபது நிமிடம் அதைத் தேடினேன்.